கட்டம் போடாத காடு

முதல் மழை விழுந்த மறுநாள் தில்லி அசோகா சாலையில் நடப்பவர்களின் செருப்பு ஊதா நிறமாகிவிடுகிறது. சாலையின் இரு பக்கமும் நாவல் மரங்கள். ஒருவன் மேலே ஏறிக் கிளையை உலுக்குகிறான்; கீழே நான்கு பேர் படுதாவை விரித்துப் பிடித்தபடி அண்ணாந்து நிற்கிறார்கள். சற்றுத் தள்ளி நடைபாதையில் அதே பழம் உப்புத் தூவி விற்பனையாகிறது. மண் ஒட்டாத பழம் என்பதால் ஔவையார் போல ஊதித் தின்ன வேண்டியதில்லை.

அங்கிருந்து அக்பர் சாலைக்குத் திரும்பினால் நாவல் மறைந்து புளி தொடங்குகிறது. ஜன்பத்தில் நீர்மருது. லோதி சாலையில் வேம்பு. புது தில்லியை நிர்மாணித்தவர்கள் ஒரு சாலைக்கு ஒரு மரம் என்று விதித்தார்கள். தலைநகரம் கல்கத்தாவிலிருந்து மாறும் என்று 1911 தர்பாரில் அறிவிக்கப்பட்டது; 1931இல் நகரம் திறந்துவைக்கப்பட்டது. இடையில், 1920களில், டபிள்யூ.ஆர். மஸ்டோ என்ற தோட்டக்கலை அதிகாரியின் மேற்பார்வையில் இந்த மரங்கள் வரிசை பிடித்தன. ஒரே உயரம், ஒரே வடிவம், ஒரே நிழல். ராணுவ அணிவகுப்பில் ஒருவன் மட்டும் நெட்டையாக இருக்கக் கூடாதல்லவா?

நூறு வயதை நெருங்கும் அந்த வரிசைகள் இன்றும் தில்லியின் பெருமை. ஆனால் அவற்றின் அடியில் நடக்கும்போது ஒரு கேள்வி எழுகிறது. நாவலையும் புளியையும் மருதையும் வேம்பையும் கலந்து நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? மரங்கள் இன்னும் செழித்திருக்குமா, நலிந்திருக்குமா? நிழல் கூடியிருக்குமா? புயலில் விழுவது குறைந்திருக்குமா?

அசோகா சாலையையும் அக்பர் சாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பதில் கிடைக்காது. மண் வேறு, தண்ணீர் வேறு, குழாய்க்காகத் தோண்டிய பள்ளம் வேறு. எல்லாவற்றுக்கும் மேலாக, கலந்து நட்ட சாலை என்று ஒன்று பக்கத்தில் இல்லை. ஒப்பிட ஆள் இல்லாத ஓட்டப் பந்தயத்தில் யார் வேகம் என்று எப்படிச் சொல்வது?

இது வேலையற்றவரின் கேள்வி என்று தள்ளிவிட முடியாது. தில்லி ஆண்டுதோறும் மழைக்காலத்தில் லட்சக்கணக்கில் கன்று நடும் நகரம். குடியிருப்பு, மெட்ரோ, சாலை என்று எதற்காக மரம் வெட்டினாலும், ஒன்றுக்குப் பத்து நட வேண்டும் என்பது இங்கே பழகிப்போன கணக்கு. 1994இல் வந்த தில்லி மரப் பாதுகாப்புச் சட்டத்தின் நிழலில் வளர்ந்த வழக்கம் இது. 2018இல் சரோஜினி நகர், நேதாஜி நகர் பகுதிகளில் அரசுக் குடியிருப்புகளை இடித்துக் கட்ட ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டத் திட்டமிட்டபோது மக்கள் மரங்களைக் கட்டிப் பிடித்துத் தடுத்தார்கள். 2024 பிப்ரவரியில் தெற்கு ரிட்ஜ் பகுதியில் ஒரு சாலைக்காக மரங்கள் சாய்க்கப்பட்டன. 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் அதை நீதிமன்ற அவமதிப்பு என்று தீர்ப்பளித்து, பெரிய அளவில் மரம் நடச் சொன்னது. ஒவ்வொரு முறையும் பேச்சு எண்ணிக்கையைப் பற்றியே. எந்த மரம், எந்த மரத்தின் பக்கத்தில் என்று கேட்பவர் குறைவு.

பதிலைத் தேடி ஆட்டோவில் ஏறினால் தல்கதோராவைக் கடந்து சங்கர் சாலை மேடேறுகிறது. 'ரிட்ஜ்' என்று தில்லிக்காரர்கள் சொல்லும் பாறை மேடு இதுதான். ஆரவல்லி மலைத்தொடரின் வடகோடி வால். நூறு கோடி ஆண்டுக்கும் மூத்த பாறை. வடக்கிலிருந்து தெற்குவரை நான்கு துண்டுகளாகக் கிடக்கும் ரிட்ஜின் பரப்பு சுமார் 7,777 ஹெக்டேர் என்பது அரசுக் கணக்கு. நாம் கடக்கும் மத்திய ரிட்ஜ் மட்டும் 864 ஹெக்டேர்.

வண்டியை நிறுத்தி உள்ளே பத்தடி வைத்தால் ராமநாதபுரத்துக்காரருக்குச் சொந்த ஊருக்கு வந்ததுபோல் இருக்கும். கண்ணுக்கெட்டிய தூரம் சீமைக் கருவேலம். இந்திக்காரர்கள் இதை விலாயதி கீகர் என்கிறார்கள்; பொருள் ஒன்றுதான். மத்திய, தென் அமெரிக்காவைச் சேர்ந்த இந்த மரம் 1870களில் இந்தியாவுக்கு வந்தது. வறண்ட நிலத்தைச் சீக்கிரம் பச்சையாக்கும், விறகு தரும் என்று நம்பி நட்டார்கள். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் ஆங்கிலேயர் இதைத் தங்கள் புதுத் தலைநகரின் பின்புலமான பாறை மேட்டிலும் ஏற்றினார்கள். அது வேரை ஆழமாக இறக்கிக்கொண்டு, வேறு எதற்கும் இடம் விடாமல் படர்ந்துவிட்டது. தமிழ்நாட்டில் 2017இல் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை உத்தரவிட்டு மாவட்டம் மாவட்டமாகப் பொக்லைன் ஓடியது நினைவிருக்கும். தில்லியிலும் அதே தலைவலிதான். முள்ளும் வெளிறிய பச்சையும் தவிர, அடியில் புதிதாக முளைத்து நிற்பது அபூர்வம்.

இதுவும் ஒரு மரத் தோட்டம்தான். ஆனால் இதைப் பார்த்து 'தனி மரம் கெட்டது, கலப்பு நல்லது' என்று முடிவு கட்டினால் அவசரம். கெட்டது தனியாக நட்டதாலா, இந்த மரத்தை நட்டதாலா? இரண்டு குற்றவாளிகள் கைகோத்து நிற்கிறார்கள். பிரித்து விசாரிக்க வழி இல்லை. ரிட்ஜில் இருந்த ஊர் மரங்களைத் தனித்தனியாகவும் கலந்தும் நட்டு, பக்கத்தில் இதையும் ஒரு பாத்தி நட்டிருந்தால் விசாரித்திருக்கலாம். அப்படி ஒரு பாத்திகூட இங்கே கண்ணில் படவில்லை.

விசித்திரம் என்னவென்றால், பிரித்து விசாரிக்கும் வித்தையைத் தொழிலாகவே செய்யும் இடம் இதே மேட்டின் மறுசரிவில் இருக்கிறது. சங்கர் சாலை இறங்கி ராஜேந்திர நகரைத் தொட்டதும், சற்றுத் தூரத்தில் பூசா. பீகாரில் பூசா என்ற ஊரில் இருந்த வேளாண் ஆராய்ச்சி நிறுவனம், 1934 பூகம்பத்தில் கட்டடம் சிதைந்ததால் 1936இல் தில்லிக்கு வந்தது. ஊர்ப் பெயரையும் கூடவே சுமந்து வந்தது. தமிழர்களுக்கு இது அந்நியமான இடமல்ல. எம்.எஸ். சுவாமிநாதன் 1966 முதல் 1972 வரை இதன் இயக்குநராக இருந்தார். வளாகத்தை ஒட்டிச் செல்லும் சாலைக்கு, பக்கத்தில் உள்ள தேசிய இயற்பியல் ஆய்வுக்கூடத்தின் முதல் இயக்குநர் கே.எஸ். கிருஷ்ணனின் பெயர்.

பூசாவின் வயல்கள் துணியில் போட்ட கோலம் போல இருக்கும். ஒரே அளவில் கட்டம் கட்டமாகப் பாத்திகள். பாத்திக்குப் பாத்தி எண் எழுதிய பலகை. ஜூலையில் நெல்லும் மக்காச்சோளமும். நவம்பருக்குமேல் கோதுமை. இங்கிலாந்தில் ராதம்ஸ்டட் பண்ணையில் ஆர்.ஏ. பிஷர் 1920களில் வகுத்த சோதனை முறை இந்தக் கட்டங்களுக்குப் பின்னால் இருக்கிறது. இதே வளாகத்தில் வேளாண் புள்ளியியலுக்கென்றே தனி நிறுவனம் உண்டு. பான்ஸேயும் சுகாத்மேயும் எழுதி 1954இல் வெளியான வேளாண் புள்ளியியல் நூல், வயல் சோதனை செய்ய வந்த தலைமுறைகளுக்குப் பாடப் புத்தகம்.

கரோல் பாகில் ஒரு பெரியவரைச் சந்தித்தேன். கும்பகோணத்துப் பக்கம். வயல் உதவியாளராக முப்பது ஆண்டு வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தில்லியின் வெயிலும் குளிரும் தமிழின் நீட்டலைக் குறைக்கவில்லை.

"சார், கோதுமை பொய் சொல்லாது," என்றார். "நாமதான் அதைப் பொய் சொல்ல வைப்போம். நமக்குப் பிடிச்ச ரகத்தை நல்ல மண்ணுல போடுவோம். பிடிக்காததை மூலையில, தண்ணி ஏறாத இடத்துல போடுவோம். அப்புறம் பாருங்கோ, நம்ம ரகம்தான் ஜெயிச்சுதுன்னு சொல்லுவோம்."

"அதுக்கு என்ன செய்வீங்க?"

"சீட்டுக் குலுக்கிப் போடணும். எந்தப் பாத்தில எந்த ரகம்னு சீட்டுதான் சொல்லணும், நாம சொல்லக் கூடாது. ஒரு தடவை நட்டாப் போறாது. மேட்டுல ஒரு வரிசை, நடுவுல ஒண்ணு, பள்ளத்துல ஒண்ணுன்னு மூணு நாலு தடவை நடணும். ஓரத்துச் செடியை அளக்கவே கூடாது. அதுக்கு வெளிச்சம் ஜாஸ்தி."

மரம் நடும் விஞ்ஞானிகள் இன்று உலகெங்கும் செய்வது, பெரியவர் சொன்னதன் விரிவுரைதான். ஆனால் மரங்களைக் கலந்து நடும்போது, கோதுமைக்கு இல்லாத இரண்டு பொறிகள் இருக்கின்றன.

முதல் பொறி நட்சத்திர ஆட்டக்காரர். டெண்டுல்கர் ஆடிய காலத்தில் அவர் இருந்த அணி ஜெயித்தால், பதினொரு பேரும் ஒத்துழைத்ததால் ஜெயித்ததா, டெண்டுல்கர் இருந்ததால் ஜெயித்ததா என்று அணியை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. பத்து வகை மரம் கலந்த தோப்பில், வேகமாக வளரும் ஒன்று இருக்க வாய்ப்பு அதிகம். அது ஒன்றே மேலெழுந்து மொத்தக் கணக்கையும் தூக்கிவிடும். நாம் கலப்பின் மகிமை என்று எழுதிவிடுவோம். இதைத் தவிர்க்க ஒரே வழிதான். கலப்பில் சேர்க்கும் ஒவ்வொரு மரத்தையும் தனியாகவும் ஒரு பாத்தி நட வேண்டும். தனியாக ஒவ்வொன்றும் எவ்வளவு வளர்ந்தது என்று தெரிந்தால்தான், சேர்ந்ததால் கூடியது எவ்வளவு என்று கழித்துப் பார்க்கலாம்.

இரண்டாவது பொறி எண்ணிக்கை. இலையில் இட்லி, இடியாப்பம், ஆப்பம் வைத்தால் பண்டம் மூன்று. ஆனால் மூன்றும் அரிசி. சோறு, பருப்பு, கீரை வைத்தாலும் மூன்றுதான். உடம்புக்குக் கிடைப்பது வேறு. மரங்களிலும் அப்படித்தான். ரிட்ஜுக்குரிய வெள்வேல், கருவேல், 'கைர்' என்று இந்தியில் சொல்லும் காசுக்கட்டி மரம் ஆகியவற்றை எடுத்துக்கொள்ளுங்கள். மூன்று பெயர், ஆனால் மூன்றும் வேல் குடும்பம். மூன்றுக்கும் முள், பொடி இலை, சல்லடை நிழல். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும் குணம் இந்தக் குடும்பத்தில் பொதுவானது. எனவே ஒன்று செய்யும் வேலையையே மற்றதும் செய்கிறது.

இதற்குப் பதிலாக வெள்வேல், வேம்பு, 'தாவ்' என்ற மூன்றையும் சேர்த்துப் பாருங்கள். தாவ் ஆரவல்லியின் சொந்த மரம். பாறை இடுக்கில் வேர் நுழைத்துப் பிழைக்கும். வேரிலிருந்தே புதுத் தளிர் விடும். ஆடு கடித்தால் தரையோடு தரையாகப் படர்ந்து காத்திருக்கும். ஆடு வராவிட்டால் மரமாக எழும். மழையில் பச்சை, பனிக்காலத்தில் செம்பு நிறம், பிறகு மொட்டைக் கிளை. வேம்போ தில்லியில் மார்ச்சில் அவசரமாக இலை மாற்றிக்கொண்டு கோடை முழுவதும் அடர்ந்து நிற்கும். மண்ணுக்குச் சத்துச் சேர்ப்பது ஒன்று, பாறையைப் பிடித்திருப்பது ஒன்று, மே மாதத்தில் நிழல் தருவது ஒன்று. எண்ணிக்கை அதே மூன்றுதான்; பார்க்கும் வேலைகள் வேறு. விஞ்ஞானிகள் 'செயல்பாட்டுப் பன்மை' என்று சொல்வது இதைத்தான். எத்தனை பெயர் என்று எண்ணாமல் எத்தனை விதமான வேலை என்று எண்ணுவது.

ஆகவே நல்ல சோதனை என்பது எண்ணிக்கையை ஒரே அளவில் நிறுத்திவிட்டு வேலைகளின் வித்தியாசத்தை மட்டும் கூட்டிக் குறைத்துப் பார்க்க வேண்டும். கனடாவில் மான்ட்ரியல் அருகே 2009இல் நட்ட சோதனைத் தோட்டம் இதற்காகவே வரையப்பட்டது. நான்கு மீட்டருக்கு நான்கு மீட்டர் கட்டம்; அரை மீட்டர் இடைவெளியில் எட்டுக்கு எட்டு, ஆக 64 கன்று. நெருக்கி நட்டதால் போட்டி சீக்கிரமே தொடங்கியது. 2016இல் வெளியான முடிவில், இளம் மரங்களைப் பொறுத்தவரை எத்தனை விதம் என்பதைவிட எந்தக் குணமுள்ள மரங்கள் என்பதே அதிகம் பேசியது.

சீனாவின் ஜியாங்சி மாநிலத்தில் 2009-10இல் நட்டது இன்னும் பெரிய சோதனை. மலைச் சரிவில் இரண்டு லட்சத்துக்கும் அதிகமான மரங்கள். 500க்கும் மேற்பட்ட கட்டங்கள். தனி மரம் முதல் 24 வகை வரை. எட்டு ஆண்டு கழித்து 2018இல் கணக்குப் பார்த்தார்கள். 16 வகை கலந்த கட்டங்கள், தனி மரக் கட்டங்களின் சராசரியைப்போல் இரண்டு மடங்குக்கு மேல் கரியைச் சேர்த்துவைத்திருந்தன. கலப்பின் ஆதரவாளர்கள் இத்தோடு நிறுத்திவிடுவார்கள். அதே அறிக்கையில் இன்னொரு வரியும் உண்டு. அந்தப் பகுதியில் வணிகத்துக்காக நடும் இரண்டு தனி மரங்களும் ஏறத்தாழ அதே அளவு சேர்த்திருந்தன. தனி மரங்களையும் பக்கத்தில் நட்டிருந்ததால்தான் இந்த இரண்டாவது உண்மையும் வெளியே வந்தது. இவற்றைப் போன்ற சோதனைத் தோட்டங்கள் ஒரு வலையமைப்பாக இணைந்திருக்கின்றன; எல்லாமாகப் பத்து லட்சத்துக்கும் அதிகமான மரங்கள்.

தில்லியில் கலந்து நட்ட மரங்களே இல்லையா? வஜீராபாதைத் தாண்டி ஜகத்பூர் கிராமத்தருகே, யமுனையின் மேற்குக் கரையில், 2002இல் தொடங்கிய யமுனா பல்லுயிர்ப் பூங்கா இருக்கிறது. தில்லி வளர்ச்சி ஆணையமும் தில்லிப் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. பேராசிரியர் சி.ஆர். பாபு இதன் மூளை. 457 ஏக்கர், உப்புப் பூத்த மண். புல்லிலிருந்து தொடங்கி, செடி, கொடி, மரம் என்று ஒரு காட்டின் குடும்பத்தையே குடியேற்றினார்கள். 2016 நவம்பரில் எங்கிருந்தோ ஒரு சிறுத்தை வந்து இங்கே தங்கியது. டிசம்பரில் பிடித்து ஷிவாலிக் காட்டில் விட்டார்கள். பெருநகரத்தின் ஓரத்தில் சிறுத்தை வந்து தங்கும்படி ஒரு காட்டை மனிதன் கட்ட முடியும் என்பது சாதாரணச் செய்தியல்ல. வசந்த விஹார் பக்கத்தில், கல்லும் மண்ணும் தோண்டி எடுத்து ஓட்டையாக விட்ட 692 ஏக்கரில் இதே குழு ஆரவல்லி பல்லுயிர்ப் பூங்காவை வளர்த்தது. சீமைக் கருவேலத்தை வேரோடு பிடுங்காமல், கிளையைக் கழித்து வெளிச்சம் விட்டு, அடியில் ஊர் மரங்களை எழ விடுவது பாபுவின் வழி. மத்திய ரிட்ஜுக்கும் அந்த வழியே பரிந்துரைக்கப்பட்டது.

ஆனால் இந்தப் பூங்காக்களின் வேலை இழந்த காட்டை மீட்பது. நோயாளியைப் பிழைக்க வைக்கும் வைத்தியர், பாதிப் பேருக்கு மருந்து தராமல் வைத்திருந்து ஒப்பிட மாட்டார். கலந்து நட்டது பிழைத்தது என்று இங்கே பார்க்கலாம். கலந்ததால் பிழைத்ததா என்பது வேறு கேள்வி.

கேள்வியை இன்னும் சிக்கலாக்கும் இடம் ஒன்று தெற்கே இருக்கிறது. குர்காவ்-பரீதாபாத் சாலையிலிருந்து உள்ளே போனால், ஹரியானா எல்லைக்குள் மாங்கர் பனி. புதுக்கோட்டைப் பக்கத்துக் கோயில் காடுகளின் வடநாட்டு உறவினர். குதரியா தாஸ் பாபா என்ற சாமியாரின் காவல் இருப்பதாகச் சுற்றுக் கிராமத்து மக்கள் நம்புகிறார்கள். ஒரு கிளையையும் ஒடிப்பதில்லை. தில்லியைச் சுற்றி மிஞ்சிய பழங்காட்டின் சிறந்த துண்டு இது. பள்ளத்தாக்கின் விளிம்பில் நின்று பார்த்தால் சரிவு முழுக்க அடர்ந்த பச்சை. அந்தப் பச்சையில் பெரும்பகுதி எது தெரியுமா? தாவ். ஏறக்குறைய ஒரே மரம்.

ஊரிலேயே நல்ல காடு, ஒரே மரத்தின் ஆட்சியில் இருக்கிறது. அப்படியானால் கலப்பு நல்லது என்பது பாறைச் சரிவுக்குப் பொருந்தாதோ? யமுனைக் கரையின் வண்டலுக்கு மட்டும்தானா? அல்லது தாவின் நடுவே அங்கங்கே நிற்கும் மற்ற மரங்கள்தான் அதைத் தாங்குகின்றனவா? எதையும் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது. கருத்துக்குப் பஞ்சமில்லாத நகரத்தில் கட்டங்களுக்குத்தான் பஞ்சம்.

எவ்வளவு செலவாகும் என்று கரோல் பாக் பெரியவரோடு உட்கார்ந்து, பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டோம். ஆறு மரம் எடுத்துக்கொண்டோம்: வெள்வேல், கருவேல், கைர், தாவ், வேம்பு, புரசு. தனித்தனியே ஆறு கட்டம். இரண்டிரண்டாகச் சேர்த்தால் 15, மூன்று மூன்றாக 20, நான்காக 15, ஐந்தாக 6, ஆறும் சேர்ந்து ஒன்று. ஆக 63. மூன்று வகை சேரும் இருபதில், வேல் குடும்பம் மட்டுமே கூடிய கட்டமும் வரும். ஒன்றோடொன்று ஒட்டாத குணங்கள் கூடிய கட்டமும் வரும். எண்ணிக்கை மாறாமல் வேலை மாறுவதைப் பார்க்க அதுவே போதும்.

பெரியவர் சொன்னபடி மண்ணின் மேடு பள்ளத்துக்கு மூன்று தடவை. 189 கட்டம். மான்ட்ரியல் அளவில் கட்டத்துக்கு 64 கன்று என்றால் 12,096 கன்று. ஓர வரிசையில் நிற்கும் 28ஐ விட்டுவிட்டு உள்ளே இருக்கும் 36ஐ மட்டும் அளக்க வேண்டும். நடக்க வழியையும் சேர்த்துக் கட்டத்துக்கு 25 சதுர மீட்டர் வைத்தால் மொத்தம் 4,725 சதுர மீட்டர். பெரியவர் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இரண்டு தரம் சரிபார்த்தார். "ஒண்ணேகால் ஏக்கர்கூட வரலையே சார்!"

ஒன்றேகால் ஏக்கர். அந்த அளவு நிலத்தில் ஈடு செய்யும் நடவு என்று எப்படியும் கன்று நடப்போகிறார்கள். கன்றும் குழியும் டாங்கர் தண்ணீரும் செலவில் ஏற்கெனவே இருக்கின்றன. கூடுதலாக வேண்டியது ஒரு வரைபடம், எண் பலகைகள், ஒரு பதிவேடு, ஒரு சீட்டுக் குலுக்கல்.

அத்தோடு ஒரு பழக்கத்தையும் விட வேண்டும். வழக்கமான நடவில், செத்த கன்று இருந்த இடத்தில் அடுத்த மழைக்குப் புதுக் கன்று வைத்துவிடுவார்கள். எண்ணிக்கை குறையக் கூடாது. சோதனையில் அந்தச் சாவுதான் செய்தி. எந்த மரம், எந்த ஆண்டு, யாருக்குப் பக்கத்தில் இருந்தபோது செத்தது என்று எழுத வேண்டும். இடத்தை மூடிவிட்டால் பாடத்தையும் மூடிவிட்டோம்.

நெருக்கி நட்ட சின்னக் கட்டம் எல்லாக் கேள்விக்கும் பதில் தராது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். மரங்களின் இளமையைத்தான் அது காட்டும். ஐந்தாறு ஆண்டில் கிளைகள் பின்னிக்கொண்டு, பக்கத்துக் கட்டத்துக்குள் வேர் நுழைந்துவிடும். முதுமையில் யார் யாருக்கு உதவுகிறார் என்று தெரிய, அகலமான கட்டங்களும் நாற்பது ஐம்பது ஆண்டுகளும் வேண்டும்.

ரிட்ஜின் ஒரு சரிவில் வழங்கும் முறை மறுசரிவுக்கு ஏறாததற்குக் காரணமும் அதுதான் என்று தோன்றுகிறது. கோதுமை நவம்பரில் விதைத்தால் ஏப்ரலில் பதில் சொல்லிவிடும். நட்ட அதிகாரியே அறிக்கையும் எழுதலாம். மரம் பேச வாயெடுப்பதற்குள் அதிகாரிக்கு நான்கு மாற்றல் வந்துவிடும். நட்ட நாளில் புகைப்படம் எடுக்கலாம். முப்பதாவது ஆண்டில் யார் எடுப்பார்கள்?

இதைச் சொன்னபோது பெரியவர் சிரித்தார். "தென்னையை வச்சவன் தின்னுட்டுப் போவான், பனையை வச்சவன் பார்த்துட்டுப் போவான்னு எங்க பாட்டி சொல்லுவா. அதுக்காகப் பனை வைக்காம இருந்தாளா? நான் அளந்த பாத்தி எல்லாத்தையும் எனக்கு முன்னாடி யாரோ கோடு போட்டு வச்சிருந்தா சார். எனக்கு அப்புறமும் யாரோ அளக்கறா. நோட்டு இருந்தாப் போறும். ஆள் மாறலாம், நோட்டு மாறக் கூடாது."

திரும்பும் வழியில் மீண்டும் சங்கர் சாலை. அந்தி சாய்ந்துவிட்டது. பின்னால் பூசா பக்கம் பாத்திகள் எண்களோடு உறங்கப் போயிருக்கும். முன்னால் ரிட்ஜ் ஒரே கறுப்பாக எழுந்து நின்றது. நடுவே ஓடுவது ஒரு தார்ச் சாலை. ஆட்டோவில் கடக்கச் சில நிமிடம். அசோகா சாலையில் படுதாவைச் சுருட்டிக்கொண்டு போயிருந்தார்கள். நாவல் மரங்களின் அடியில் நசுங்கிய பழங்களும் விதைகளும். காலையில் கூட்டிப் பெருக்கிவிடுவார்கள். அதில் ஒன்றிரண்டு விதையை எடுத்து சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். எங்கே நடுவது என்று தெரியவில்லை. எதற்குப் பக்கத்தில் நடுவது என்று அதைவிடத் தெரியவில்லை.